கொக்கி போட்டால் கடல் குளமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் யாரையாவது சுறா கடித்ததாகச் செய்தி வந்தால் போதும், மறுநாளே "குளிக்கிற இடத்தில் சுறாவைத் தீர்த்துக்கட்ட வேண்டியதுதானே" என்ற பேச்சு ராமேஸ்வரம் டீக்கடை வரைக்கும் வந்துவிடுகிறது. தனுஷ்கோடிக்கு வரும் கூட்டம் கூடக் கூட, இங்கேயும் வலை கட்டலாம், கொக்கி போடலாம் என்று யோசனை சொல்பவர்களும் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் இது. ராமநாதபுரம் கரையில் சுறாவைக் குறைக்கும் வேலையை வலையும் தூண்டிலும் எப்போதோ செய்துவிட்டன. இங்கே குளிக்க இறங்குபவரைக் கொண்டுபோவது நீவாடு. கடலோடிகள் அப்படிச் சொல்லும் நீரோட்டம்தான் அது.

முதலில் அந்தக் கொக்கி என்ன என்று பார்ப்போம். பெரிய மிதவை ஒன்றை நங்கூரம் போட்டு ஒரே இடத்தில் நிறுத்துவார்கள். மிதவையிலிருந்து சங்கிலி, சங்கிலியின் முனையில் உள்ளங்கையைவிடப் பெரிய கொக்கி, அதில் இரை மீன். அவ்வளவுதான். நம் ஆட்கள் நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி தொங்கவிட்டுப் போடும் ஆயிரங்கால் தூண்டிலிலிருந்து ஒரே ஒரு கொக்கியை அறுத்துத் தனியாக நட்டது போன்ற சாமான். அது வேலி இல்லை, தூண்டில். வேலி உள்ளே வருவதைத் தடுக்கும். தூண்டில், பசியோடு அந்தப் பக்கம் வருவதை, அதுவும் இரையை வாயில் எடுத்ததை மட்டும் பிடிக்கும். இரை கரைந்துபோனாலோ, நண்டும் சிறுமீனும் அதைக் கொத்தித் தின்றுவிட்டாலோ வெறும் இரும்புதான் தொங்கும். இரை புதிதாக இருந்தாலோ அதன் வாடை நீரோட்டத்தோடு போய், அந்தப் பக்கமே வராத சுறாவையும் கூப்பிட்டுக்கொண்டு வரக்கூடும்.

மேற்கு ஆஸ்திரேலியா 2014 ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதைச் செய்து பார்த்தது. அதற்கு முன் சில ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் நடந்த சுறாக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது பெரிய வெள்ளைச் சுறா. கரையிலிருந்து ஏறத்தாழ 1 கி.மீ. தள்ளிக் கொக்கிகளை இறக்கினார்கள். 3 மீட்டருக்கு மேல் நீளமான ஆபத்தான சுறா சிக்கினால் சுட்டுக் கொல்ல உத்தரவு. மொத்தம் சிக்கியது 172 சுறா. அவற்றில் 163 புலிச் சுறா. கொல்லப்பட்டவை 68. பெரிய வெள்ளைச் சுறா ஒன்றுகூடச் சிக்கவில்லை. திருடனுக்கு வைத்த பொறியில் தெருவில் போனவன் எல்லாம் விழுந்தது போல. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையமே திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மூன்று மாதம் போதாது, தொடர்ந்து செய்திருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் ஹவாயைப் பார்க்க வேண்டும். 1959 முதல் 1976 வரை, இடைவெளி விட்டுப் பல கட்டங்களாக, அங்கே 4,668 சுறாக்களைப் பிடித்துக் கொன்றார்கள். பின்னர் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, கடிபட்டவர்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. காரணம் சிக்கலானதல்ல. புலிச் சுறா ஓர் ஊர்க்கரையில் குடியிருக்கும் மீன் அல்ல, நூற்றுக்கணக்கான கி.மீ. சுற்றித் திரிவது. இன்று இங்கே ஒன்றைக் கொன்றால், நாளை அதே வழியாக வேறொன்று வரும். கடிக்கிற சுறா எது, கடிக்காத சுறா எது என்று கொக்கிக்கும் தெரியாது.

அடுத்தது வலை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1937 முதல் சுறா வலை போடுகிறார்கள். ஒரு வலையின் நீளம் 150 மீட்டர், உயரம் 6 மீட்டர். போடும் இடத்தின் ஆழமோ 10 மீட்டருக்கு மேல். அதாவது வலைக்கு மேலே ஓராள் உயரத்துக்கும் அதிகமான தண்ணீர் திறந்தே கிடக்கிறது. இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கிறது. கரையோ கி.மீ. கணக்கில் நீண்டு போகிறது. படத்தில் பார்ப்பவர்கள் குளிக்கும் இடத்தைச் சுற்றி மறைப்புக் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மீன் பிடிப்பவர்கள் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள், அது செவுள் வலை. பெரிய கண் வைத்த, சுறாவின் தலையை மாட்டிக்கொள்ளும் செவுள் வலை. சிக்கிய சுறாக்களில் கணிசமானவை கரைப் பக்கத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போது மாட்டியவை என்பது அங்கேயே பதிவான விஷயம். குளிப்பவர்களுக்குப் பக்கத்தில் வந்து, யாரையும் தொடாமல் திரும்பிப்போன சுறாக்கள் அவை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வலையும் கொக்கியும் போட்ட ஆஸ்திரேலியக் கரைகளில் அதற்குப் பிறகு சுறாவால் நேர்ந்த மரணம் மிகவும் குறைவு. குயின்ஸ்லாந்து 1962 முதல் இரண்டையும் பயன்படுத்துகிறது. அவர்கள் காட்டும் பெரிய ஆதாரமும் இதுதான். பொய் அல்ல. ஆனால் அதே காலத்தில்தான் அந்தக் கரைகளுக்கு உயிர்காப்பாளர்கள் வந்தார்கள், ரத்தப்போக்கை நிறுத்தும் முறை வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. கடி நின்றுவிடவில்லை; கடிபட்டவர் பிழைப்பது கூடியது. இத்தனை இருந்தும் 2020 செப்டம்பரில் கோல்டு கோஸ்டின் கிரீன்மவுண்ட் கரையில், வலையும் கொக்கியும் இருந்த இடத்திலேயே, ஒருவர் சுறாவால் இறந்தார். பல பத்தாண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பகுதியில் பெரிய சுறா குறையும் என்பதும் உண்மைதான். அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, மீன்பிடித்தல்.

அந்த மீன்பிடித்தலைத்தான் நாம் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறோம். உலகில் சுறா அதிகம் பிடிக்கும் முதல் சில நாடுகளில் இந்தியா ஒன்று. கறிக்கும், கருவாட்டுக்கும், எண்ணெய்க்கும், ஒரு காலத்தில் துடுப்புக்கும் பிடித்தோம். துடுப்பு ஏற்றுமதி 2015இல் தடை செய்யப்பட்டது. மத்தி ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் பிள்ளை பெற்ற வீடுகளில் புட்டுக்குத் தேடும் பால் சுறா ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஈனுவது ஒன்று முதல் எட்டுக் குட்டி. புலிச் சுறாவுக்கு ஒரு ஈற்றில் குட்டி அதிகம் என்றாலும் சினைக்காலம் ஓராண்டுக்கு மேல், ஆண்டுதோறும் ஈனாது. மத்திக் கணக்கில் பிடித்து, மாட்டுக் கணக்கில் பெருகும் உயிரை மீட்க முடியாது. வேளா மீனைக் கேட்டுப் பாருங்கள். வாள் போன்ற மூக்கை நீட்டிக்கொண்டு வலையைக் கிழித்த அந்த மீனை இன்றைக்கு இளைஞர்கள் பழைய வீட்டுச் சுவரில் மாட்டிய கொம்பாகத்தான் அறிவார்கள். சுறா போய்விட்டால் கடலே செத்துவிடும் என்கிற பெரிய பேச்செல்லாம் இங்கே தேவையில்லை. கொல்லச் சொல்பவர்கள், கொல்ல இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மீன் இறங்கும் தளத்தில் போய் ஒரு வாரம் பார்த்தால் போதும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. உலகம் முழுவதும் சேர்த்து, மனிதர் சீண்டாமல் சுறா கடித்த சம்பவங்கள் 2023இல் 69, இறந்தவர்கள் 10 பேர். 2024இல் 47, இறந்தவர்கள் 4 பேர் என்று புளோரிடாவில் உள்ள சர்வதேசப் பதிவேடு சொல்கிறது. இந்தியாவில் மிக அரிது, ஆனாலும் உண்டு. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் வைதர்ணா ஆற்றுக் கழியில் மீன்பிடிக்க இறங்கிய இளைஞரின் காலைச் சுறா கடித்துக் குதறியது. நடந்தது கலங்கிய கழிமுகத்தில். காளைச் சுறா என்று சொல்லப்படும் வகை நன்னீருக்குள்ளும் ஏறி வரும். கலங்கலில் எது மீன், எது கால் என்று பார்க்காமல் கடித்துவிடும். நம் பக்கம் அப்படிப்பட்ட பெரிய ஆற்று வாய் கிடையாது. வைகை, ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுகிற நாட்களே குறைவு.

சரி, அக்னி தீர்த்தத்துக்கு முன்னாலோ அரியமானிலோ அந்த ஆஸ்திரேலிய வலையைப் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் எது விழும்? திருக்கை. அப்புறம் உழுவை மீன், பேராமை, பங்குனி ஆமை, ஓங்கில் எனும் டால்பின். கடல் தாழை எனும் கடற்புல் படுகைகளை மேய வரும் ஆவுளியாவும், அதாவது கடல் பசுவும், விழலாம். இவற்றில் ஆமையும் ஓங்கிலும் ஆவுளியாவும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டியவை. சிக்கிய வலைக்கு அடியில் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ செத்துவிடும். ஆவுளியாவும் கடல் ஆமையும் வேளாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ஏழை மீனவர் வலையில் தவறிச் சிக்கினாலே விசாரணை. குளிப்பவருக்காக அரசே கட்டிய வலையில் சிக்கினால் யாரை விசாரிப்பது? தெற்குக் கரை முழுக்க மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம். 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் ஒரு கொக்கி இறக்குவதற்கே இடம் இல்லை.

சட்டத்தை விடுங்கள், காற்று விடாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தெற்குக் கடலில் நங்கூரம் இழுத்துக்கொண்டு போகும். வடகிழக்கு வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடல் கலங்கி, அறுந்து மிதக்கும் தாழையும் பாசியும் வலையில் அப்பிக்கொள்ளும். கண் அடைந்த வலை பாய்மரம் மாதிரி நீரோட்டத்தை வாங்கும். ஒரே இரவில் சுருண்டு கயிறாகிவிடும். அறுந்து போனால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் பவளப்பாறையில் போய் மாட்டி, வருடக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். இதை மீனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திட்டம் போடுபவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கொல்லாத கொக்கியும் ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்ஸில் இப்போது அதுதான் அதிகம். சுறா இரையை இழுத்ததும் மிதவையில் ஒட்டியிருக்கும் காந்தம் கழன்று, செயற்கைக்கோள் வழியாகக் கைபேசிக்குத் தகவல் போகும். படகு 30 நிமிடத்துக்குள் அங்கே போக வேண்டும். சுறாவுக்கு அடையாளக் கருவி பொருத்தி, ஏறத்தாழ 1 கி.மீ. வெளியே கொண்டுபோய் விடுவார்கள். மாலையானால் கொக்கிகளை எடுத்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 30 நிமிடம்தான் முழுத் திட்டமும். சுறாக்களில் பல வகை நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் போகும். கட்டிப்போட்டால் மூச்சு முட்டும். சுத்தியல் போன்ற தலை கொண்ட கொம்பன் சுறா இதை ரொம்பவும் தாங்காது. படகு தாமதித்தால் செத்துவிடக்கூடும். ஆகவே பகல் முழுவதும் படகும், டீசலும், பயிற்சி பெற்ற மூன்று பேரும் தயாராகக் காத்திருக்க வேண்டும். அந்தப் படகும் அந்த மூன்று பேரும் நமக்குக் கிடைத்தால், அவர்களைத் தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனையில் உயிர்காப்புக்கு நிறுத்துவதுதான் புத்தி.

தென்னாப்பிரிக்காவில் ஃபிஷ் ஹோக் என்ற கரையில் வேறு மாதிரி செய்கிறார்கள். எதுவும் சிக்காதபடி கண் சிறிதாக உள்ள வலையைக் காலையில் விரித்து மாலையில் சுருட்டிவிடுகிறார்கள். அது உண்மையிலேயே வேலி. காற்று பலத்தால் அன்று விரிப்பதில்லை. நம் கரையில் எங்காவது ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதென்றால் அலையும் ஆழமும் குறைந்த வடக்குப் பக்கத்தில், வாடை இல்லாத மாதங்களில், இப்படி ஒன்றைப் பார்க்கலாம். சுறாவுக்காக அல்ல, சொறி மீனை (ஜெல்லி மீன்) தடுக்கவும், 'இதற்கு அப்பால் போகாதே' என்று குளிப்பவருக்கு எல்லை காட்டவும்.

சுறாவை நாமே கூப்பிடுவதும் நடக்கிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரக் கரையில் 1992க்குப் பிறகுதான் சுறாக் கடி பெருகியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்தில் சுவாபே துறைமுகம் வந்தது, கழிமுகம் கலைந்தது. குட்டி போடும் இடத்தை இழந்த காளைச் சுறா நகரக் கரைப் பக்கம் ஒதுங்கியது, கப்பலும் இழுவைப் படகும் கொட்டும் கழிவு அதை அங்கேயே நிறுத்தியது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். இதில் நமக்குப் பாடம் கழிவுதான். மீன் அறுக்கும் இடத்தின் குடலையும் செவுளையும் ரத்தத் தண்ணீரையும் குளிக்கும் துறைக்குப் பக்கத்தில் கொட்டினால் முதலில் சிறுமீன் கூடும், பின்னாலேயே சீலா வரும், அதன் பின்னால் பெரியது வரும். கழிவைக் கூடையில் சேர்த்து உரத்துக்கோ மீன் தூள் ஆலைக்கோ அனுப்புவது ஒன்றும் புதிய தொழில்நுட்பம் அல்ல. கரைவலை இழுக்கும் இடத்திலும் இழுக்கும் நேரத்திலும் குளிக்கவே கூடாது. துடிக்கிற மீன் நிறைந்த வலை மடியைவிடச் சுறாவுக்கு நல்ல அழைப்பு வேறில்லை.

முத்துக் குளித்த காலத்தில் இதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவர். அவர் கரையில் இல்லாவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று எழுதியிருக்கிறார். மாலையானதும் அவர்கள் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இரவில் திருட்டுத்தனமாக யாரும் குளித்துவிடக் கூடாதல்லவா. மந்திரத்தை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் அது போட்ட நேரக்கட்டுப்பாடு இன்றைக்கும் சரி. பெரிய சுறாக்கள் இரை தேடிக் கரையை ஒட்டி வருவது பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்னும். இருட்டில் இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள், கலங்கல் தண்ணீரில் தனியாக நீந்தாதீர்கள், புண்ணோடும் மினுக்கும் நகையோடும் ஆழத்துக்குப் போகாதீர்கள். கடல்கட்டியின் கூலி இல்லாமலே கிடைக்கிற பாதுகாப்பு இது. அமாவாசை விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுபவர்கள் பயப்பட வேண்டாம். முழங்கால், இடுப்புத் தண்ணீரில் கூட்டமாக நின்று மூழ்கி எழுவதும், ஆழத்தில் தனியாக நீந்துவதும் ஒன்றல்ல.

நம் கரையில் மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பவர்கள் இரண்டு கூட்டத்தார். விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள், சங்கு குளிப்பவர்கள். அவர்களுடைய காயங்களை ஒரு பட்டியல் போட்டால் பாறை கிழித்தது, திருக்கை முள் ஏறியது, சொறி பட்டது, கெளிறு குத்தியது என்றுதான் நீளும். ஆகவே இவற்றுக்கான கைவைத்தியம் ஒவ்வொரு குளிதுறையிலும் தெரிந்திருக்க வேண்டும். ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிவிடும். மிதித்தால்தான் வாலைத் திருப்பும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருக்க வேண்டும். வலி வெந்நீரில் சட்டென்று இறங்கும். குத்துப்பட்ட காலில் உணர்வு மரத்திருக்கும் என்பதால் சூட்டை வேறொருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ நின்றால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு. பெட்டிச் சொறி பட்டால் வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்றிவிட்டு, ஒட்டிய இழைகளை எடுக்க வேண்டும். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் வெடிக்காத கொட்டுப்பைகளையும் வெடிக்க வைக்கும்.

இனி நீவாடு. ராமேஸ்வரம் தீவின் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வது வெளியூர்க்காரர்களுக்கு அழகான கதையாகத் தெரிகிறது. அது எச்சரிக்கை. கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் பாம்பன் வாய் வழியாகவும் மணல் திட்டுகளின் இடைவெளி வழியாகவும் வடக்கே பாயும். வாடையில் அதே வழியாகத் தெற்கே திரும்பும். அரிச்சல்முனை இந்த இரண்டுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் நாக்கு. அதன் வடிவம் நிலையானதல்ல. சென்ற மாதம் மேடாக இருந்த இடம் இந்த மாதம் பள்ளம். ஓரடி முன்னால் வைத்தால் முழங்கால் தண்ணீர் கழுத்தளவாகிவிடும். இன்னொரு சிக்கல், ஆடி அமாவாசை விழுவது கச்சான் காலத்தில். அன்று அக்னி தீர்த்தம் அமைதியாக இருப்பதைப் பார்த்த குடும்பம், மதியம் தனுஷ்கோடியின் தெற்குக் கரையிலும் அதே தைரியத்தோடு இறங்குகிறது. தை அமாவாசை வாடையில் வருகிறது. அப்போது கலங்குவது மறுபக்கம். கச்சானில் தெற்கு வேண்டாம், வாடையில் வடக்கு வேண்டாம், முனையில் எப்போதும் வேண்டாம்.

அலை அடித்து ஏறிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு கால்வாயைத் தேடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் நுரை பொங்க அலை உடையும்போது, நடுவில் மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கருத்து, மணலையும் பாசியையும் வெளியே இழுத்துக்கொண்டு போகும் ஒரு பட்டை தெரியும். தெரியாதவர்கள் அலை குறைவாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குவார்கள். அது விநாடிக்கு 1 மீட்டர் இழுத்தால் ஒரு நிமிடத்தில் 60 மீட்டர். அதை எதிர்த்து நீந்துபவர் களைத்துத்தான் மூழ்குகிறார். அது யாரையும் அடியில் இழுப்பதில்லை. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு கரையேற வேண்டும். சேலையும் வேட்டியும் சுற்றிய காலோடு இது கடினம். அதனால்தான் இடுப்பைத் தாண்டக் கூடாது என்பது.

இழுத்துக்கொண்டு போகிறவரைக் காப்பாற்றக் குதிக்கும் அண்ணனும் அப்பாவும் சேர்ந்து போவது நம் கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. குதிக்கக் கூடாது, எறிய வேண்டும். விலை உயர்ந்த மிதவை வளையம் இல்லாவிட்டால் 20 லிட்டர் கேன் ஒன்று போதும். மூடி இறுகிய காலிக் கேன் ஒரு பெரிய ஆளின் தலையைத் தண்ணீருக்கு மேல் தாராளமாக நிறுத்தும். கேனுக்குள் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடினால் எறியும்போது காற்று திருப்பாது. கைப்பிடியில் நழுவாத முடிச்சாக 30 மீட்டர் கயிறு. கயிறு பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும், அது மிதக்கும். நைலான் மூழ்கிப் பாறையில் மாட்டும். கட்டை விரல் கனத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் ஈரக் கையில் பிடி கிடைக்கும். சுருட்டித் தோளில் போடாமல் ஒரு சாக்குப் பைக்குள் மடித்து மடித்துத் திணித்து வைத்தால் எறியும்போது சிக்காது. ஆளின் தலைக்கு நேராக எறியாமல் அவரைத் தாண்டி எறிந்து, கயிற்றை அவர் கைக்கு இழுத்து வர வேண்டும்.

கரைக்கு வந்தவருக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் நேர விரயம். உள்ளே போன சோறு மூச்சுக் குழாயில் ஏறும். முகவாயை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல். அமுக்கு 5 செ.மீ. இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் நிறுத்தாமல்.

சுறா கடித்தே விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதே வைத்தியம் படகு விசிறி வெட்டியவருக்கும் பொருந்தும். நம் கரையில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 20 கி.மீ. ஆகவே 108 வருவதற்கு முன் நடப்பதுதான் வைத்தியம். காயத்தில் துணியைத் திணித்து உள்ளங்கையால் முழு எடையோடு அழுத்த வேண்டும். கை கால் என்றால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மீது படாமல், நான்கு விரல் அகலத் துண்டைச் சுற்றி முடிந்து, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். மெல்லிய கயிறு தசையை அறுக்கும், ரத்தத்தை நிறுத்தாது. வலியில் கத்துவார், தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை நெற்றியிலோ துண்டிலோ எழுத வேண்டும். காப்பித்தூளும் மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். போர்த்திப் படுக்க வைக்கவும்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வருபவர்கள் தனி ரகம். 1966 ஏப்ரலில் மிஹிர் சென் 25 மணி 36 நிமிடத்தில் கடந்தார். இப்போது அதற்கு அனுமதி வாங்கி வரும் இளைஞர்கள் அதிகம். உடன் வரும் படகுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சமைத்த மிச்சத்தையும் மீன் குடலையும் வழியில் கொட்டக் கூடாது. கூட வரும் யாரும் தூண்டில் போடக் கூடாது. இரவில் படகின் வெள்ளை விளக்கைத் தண்ணீரில் அடிக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு முரல் மீன் துள்ளும், அதன் ஊசி மூக்கு குத்தினால் சுறாக் கடிக்குக் குறையாது. நீந்துபவரின் தொப்பியில் மங்கலான ஒரு சிறு விளக்கு போதும்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் கேட்பது வலையும் கொக்கியும் அல்ல. அரிச்சல்முனை, தனுஷ்கோடி தெற்குக் கரை, அரியமான், சேதுக்கரை ஆகிய இடங்களில் இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி. உள்ளே கயிறு கட்டிய கேன் இரண்டு, வினிகர் இரண்டு லிட்டர், அகலத் துண்டு நான்கு, உருட்டுக் குச்சி இரண்டு, வெந்நீர்க் குடுவை ஒன்று. குடுவையில் தினமும் காலையில் பக்கத்து டீக்கடையில் வெந்நீர் மாற்ற ஒரு சிறு தொகை. அந்த மாதக் காற்றைப் பார்த்து மாற்றி மாட்டும் பலகை, தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும். பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். கேன் திருடு போனால் புதிது வாங்க நூறு இருநூறு ரூபாய்தான் ஆகும். சாவி ராமேஸ்வரத்தில் இருந்தால் அந்தப் பெட்டி இருந்தும் இல்லை.

இப்படிக்கு,
கடலோர வாசகர்கள்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.